பயில்முறைச் சினிமாவும் உள்ளூர்த் திரைப்படக் கழகமும்: ஒரு திறனாய்வு நோக்கு

ஈழத்துத் தமிழ்க் கலை முயற்சிகளின் வரலாற்றை ஆராய்வோர் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் இடையே உள்ள முக்கியமான வேறுபாடொன்றை எளிதிற் கண்டுகொள்வர். நாடகத்துறையில் நமக்குச் சபாக்களும் மன்றங்களும் கழகங்களும் இருந்தன. நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத ஆர்வலர்கள் ஊர்களிலும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் கூடினர்; ஒத்திகை பார்த்தனர்; மேடையேற்றினர்; ஒருவரை ஒருவர் கண்டித்தும் திருத்தியும் கலையைக் கற்றுக்கொண்டனர். சினிமாவிலோ இத்தகைய பயிற்சிக்களம் போதியளவு உருப்பெறுமுன்னரே முழுநீளக் கதைப்படங்கள் தோன்றிவிட்டன. நாற்றுமேடையின்றி வயலில் நேரே விதைத்த பயிரின் கதியே அவற்றுட் பலவற்றுக்கு நேர்ந்தது எனலாம்.

இன்று கைத்தொலைபேசியே கமராவாகியுள்ளது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு ஆகிய பகுதிகளில் இளைஞர்கள் குறும்படங்களை ஆக்கி வருகின்றனர். 2015 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே சர்வதேச சினிமா விழாவொன்று தொடங்கப்பட்டமையும் இவ்வார்வத்துக்கு உரமூட்டியது. ஊரளவிலே திரைப்படக் கழகம் ஒன்றை அமைக்கவேண்டும் என்னும் எண்ணம் இத்தகைய சூழலில் எழுவது இயல்பே. ஆயின், அத்தகைய கழகம் எதற்காக, அது எதனைச் செய்தல் வேண்டும், எதனைத் தவிர்த்தல் வேண்டும் என்னும் வினாக்கள் தெளிவுற எழுப்பப்படுதல் அவசியமாகும்.

இக்கட்டுரையின் வாதம் வருமாறு: கருவிகளைப் பகிர்ந்து படம் எடுப்பதற்காக மட்டும் கூடும் கழகம் வணிக சினிமாவின் மலிவான நகல்களையே தோற்றுவிக்கும். பார்த்தல், விவாதித்தல், ஆக்குதல் ஆகிய மூன்றும் ஒரே குழுவினுள் ஒன்றையொன்று சோதிக்கும் இடத்திலேதான் பயில்முறைச் சினிமா தனக்கெனப் பெறுமதியொன்றைப் பெறுகிறது. இவ்வாதத்துக்கான சான்றுகளைப் பிறநாட்டு வரலாற்றிலும் நமது வரலாற்றிலும் நோக்குவோம்.

1. 'பயில்முறை' என்னும் சொல்

ஆங்கில வழியாக நம்மிடையே வழங்கும் 'அமெச்சூர்' என்னும் சொல், 'அன்பு கொண்டோன்' எனப் பொருள்படும் இலத்தீன் மூலத்திலிருந்து பிறந்ததாகும். ஊதியங் கருதாது அன்பு காரணமாக ஒரு கலையில் ஈடுபடுபவன் என்பதே அதன் ஆதிப்பொருள். காலப்போக்கிற் 'கற்றுக்குட்டி' என்ற இழிபொருளும் அதன்மேற் படிந்துவிட்டது. ஈழத்து நாடக உலகில் இதற்கு நேராகப் 'பயில்முறை' என்னும் சொல் நிலைபெற்றமை குறிப்பிடத்தக்கது. ஊதியம் பெறாமையையன்றி, இடையறாது பயில்தலையே இச்சொல் சுட்டுகிறது. பயிலாதவன் ஊதியம் பெறாவிடினும் பயில்முறைக் கலைஞன் ஆகான் என்பது இதனாற் பெறப்படும்.

அமெரிக்கப் பரிசோதனைத் திரைப்படக் கலைஞரான மாயா டெரன், 1959 ஆம் ஆண்டில் எழுதிய சிறு கட்டுரையொன்றில் இச்சொல்லின் மூலப்பொருளை நினைவூட்டியே தம் வாதத்தைத் தொடங்கினார். தொழில்முறையாளரின் வசதிகளைக் கண்டு ஏங்குவதை விடுத்து, அவர்களிடம் இல்லாததும் தன்னிடம் இருப்பதுமான சுதந்திரத்தைப் பயில்முறையாளன் கையாளவேண்டும் என்பது அதன் சாரம். கதைச் சதியினின்றும் உரையாடற் சுமையினின்றும் விடுபடும் கலைச் சுதந்திரம், பாரிய கருவிகளினின்றும் பெருங்குழுவினின்றும் விடுபடும் உடற் சுதந்திரம் என அதனை அவர் இருவகைப்படுத்தினார். இது வெறும் உபதேசமன்று. 1943 இல் அவரும் அவர் கணவர் அலெக்சாண்டர் ஹாமிட்டும் தாம் வாழ்ந்த வீட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு, 16 மில்லிமீற்றர் கமராவினால், உரையாடல் எதுவுமின்றி ஆக்கிய 'மெஷஸ் ஒவ் த ஆஃப்டர்நூன்' என்னும் சிறுபடம் உலகத் திரைப்பட வரலாற்றில் நிலையான இடத்தைப் பெற்றுள்ளது.

2. கருவியும் இயக்கமும்

பயில்முறைச் சினிமா ஓர் இயக்கமாக உருப்பெற்றமைக்குத் தொழில்நுட்ப மாற்றமே அடிப்படையாயிற்று. தொடக்ககாலத் தொழில்முறைச் சினிமாவிற் பயன்பட்ட 35 மில்லிமீற்றர் நைத்திரேற்றுப் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது, விலை மிகுந்தது. 1922 இல் பிரான்சின் பதே நிறுவனம் 9.5 மில்லிமீற்றர் படச்சுருளையும், 1923 இல் அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் 16 மில்லிமீற்றர் படச்சுருளையும் அறிமுகஞ் செய்தன. கொடாக்கின் சுருள் தீப்பற்றும் அபாயம் குறைந்த அசற்றேற்று அடித்தளம் கொண்டது. அத்துடன், கமராவில் ஓடிய சுருளே கழுவப்பட்டபின் திரையிடத்தக்க நேர்ப்படமாக மாறியதால், தனியே மறைப்படமும் அதிலிருந்து பிரதியும் எடுக்கும் செலவு ஒழிந்தது. 8 மில்லிமீற்றர் 1932 இலும், சுப்பர் 8 என்பது 1965 இலும் வந்தன.

இக்கருவிகளின் வரையறைகள் கலையையும் வகுத்தன. 100 அடி கொண்ட 16 மில்லிமீற்றர் சுருள், செக்கனுக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில், 3 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஓடும். 1935 இல் வெளிவந்த போலெக்ஸ் எச்-16 போன்ற சுருள்வில் கமராவை ஒருமுறை முறுக்கினால் ஏறத்தாழ அரை நிமிடமே படம்பிடிக்கலாம். ஆகவே, எதனை எடுப்பது, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே தீர்மானித்தல் கட்டாயமாயிற்று. பொருளின் அருமையே ஆசிரியனாக அமைந்தது.

1926 இல் ஹிராம் பேர்சி மக்சிம் என்பாரின் முயற்சியால் அமெரிக்காவில் அமெச்சூர் சினிமா லீக் தொடங்கியது. பிரித்தானியாவில் பயில்முறைத் திரைப்படக் கலைஞர்களுக்கான நிறுவகம் 1932 இல் அமைந்தது. பல நாடுகளின் கழகங்களையும் இணைக்கும் யுனிகா என்னும் சர்வதேச ஒன்றியம் 1937 இல் உருவாயிற்று. புரொஜெக்டர், விளக்குகள், படத்தொகுப்புக் கருவி முதலியவற்றைத் தனியொருவர் வாங்குதல் கடினமாகையால், அவற்றைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்துவது ஊர்க் கழகங்களின் முதற் பணியாயிற்று.

இங்கு ஓர் உண்மை மனங்கொளத்தக்கது. அன்றைய கழகத்தின் கண்கூடான தேவை கருவிப் பகிர்வு. அத்தேவை இன்று பெரும்பாலும் அற்றுப்போய்விட்டது. படப்பிடிப்பு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, திரையிடல் ஆகிய யாவும் ஒருவரின் சட்டைப்பையினுள் அடங்கும் காலம் இது. அவ்வாறாயின் கழகம் எதற்கு? கருவி தரமுடியாத ஒன்றை, அதாவது தன் படத்தைப் பிறர் கண்கொண்டு பார்க்கும் வாய்ப்பை, அது தருதல் வேண்டும். அதனைத் தராத கழகம் இன்று அநாவசியமானதே.

3. மேனாட்டுக் கழகங்களின் சாதனையும் குறையும்

மேனாட்டுக் கழகங்கள் தொழில்நுட்பத்தைப் பரவலாக்கின என்பதில் ஐயமில்லை. அங்கு வெளிவந்த சஞ்சிகைகள் ஒளியளவு, குவியம், படத்தொகுப்பு முதலியவற்றை எளிய மொழியிற் கற்பித்தன. பிரித்தானியாவின் 'அமெச்சூர் சினி வேர்ல்ட்' ஆண்டின் பத்துச் சிறந்த படங்களைத் தெரிவுசெய்து உற்சாகமளித்தது. எனினும், போட்டியும் பரிசுமே இயக்கத்தின் உயிர்நாடியாகியபோது குறையொன்றும் தலைதூக்கியது. குவியம் பிசகாமை, கமரா ஆடாமை, வெட்டு உறுத்தாமை என்பனவே தரத்தின் அளவுகோல்களாயின. விடுமுறைப் பயணம், குடும்ப விழா, ஊர்வலம், சிறு நகைச்சுவை என்பன செவ்வனே படமாக்கப்பட்டன. ஆயின், எதற்காக இப்படம் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டது. கமரா வாங்கும் வசதி படைத்த மத்தியதர வர்க்கத்தின் ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இயக்கம் சுருங்கியமைக்கு அதன் வர்க்க அடிப்படையும் ஒரு காரணமாகும்.

விதிவிலக்குகளே இவ்வியக்கத்தின் உள்ளாற்றலைக் காட்டுவன. கிளாஸ்கோ கலைக் கல்லூரியில் மாணவராக இருந்த நோர்மன் மக்லாரன், 1933 இல் அக்கல்லூரியின் ஒருநாள் வாழ்வை 'செவன் ரில் ஃபைவ்' என்னும் படமாக்கினார். ஸ்கொத்லாந்தின் பயில்முறைப் பட விழாவில் அவருடைய ஆக்கங்களைக் கண்ட ஜோன் கிரியர்சன் அவரைத் தபாற் திணைக்களத் திரைப்படப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டார். பின்னாளிற் கனடாவில் அசைவூட்டக் கலையின் முன்னோடியாக விளங்கியவர் இவரே.

கெவின் பிரவுன்லோவும் அன்ட்ரூ மொலோவும் ஆக்கிய 'இற் ஹப்பின்ட் ஹியர்' இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1956 இல் தொடங்கியபோது முன்னவருக்கு வயது 18, பின்னவருக்கு 16. நாசிப் படைகள் பிரித்தானியாவைக் கைப்பற்றியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதே அதன் கரு. தொண்டர்களைக் கொண்டு, ஓய்வு நாட்களிற் படம்பிடித்து, 1964 இலேயே அதனை நிறைவுசெய்தனர். எதிரியின் கொடுமையைக் காட்டுவதோடு அமையாது, சாதாரண மக்கள் எவ்வாறு படிப்படியாக ஒத்துப்போவார்கள் என்னும் கசப்பான வினாவை எழுப்பியமையே அப்படத்தின் பலம். உண்மையான பாசிசவாதிகள் தம் கருத்தைத் தாமே பேசும் பகுதியொன்றை வினியோகித்த நிறுவனம் நீக்கிவிட்டது. பிற்காலத்திலேயே அது மீள இணைக்கப்பட்டது. ஆக்கத்திற் கிடைத்த சுதந்திரம் சந்தையின் வாயிலில் எவ்வாறு தடைப்படும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். எட்டாண்டு உழைப்பைத் தாங்கிநின்றது கருவியன்று. கேட்கப்பட்ட வினாவே என்பது ஈண்டு உணரத்தக்கது.

4. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ்: ஒரு பயில்முறையாளரின் பயணம்

இலங்கைச் சினிமாவின் தனித்துவம் பயில்முறைச் சினிமாவிலிருந்தே முகிழ்த்தது என்பது பலரும் போதியளவு கவனஞ் செலுத்தாத உண்மையாகும். முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' (1947), எஸ். எம். நாயகத்தின் தயாரிப்பாக மதுரைக் கலையகத்திலேயே உருவாயிற்று. அதனைத் தொடர்ந்த படங்களிற் பெரும்பாலானவை தென்னிந்தியக் கலையகங்களில், தென்னிந்தியக் கதைப்போக்கிலும் பாடல் மரபிலும் அமைந்தன. மொழி சிங்களமாயினும் சினிமா தென்னிந்தியமாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் (1919–2018). இலண்டனிற் பத்திரிகையாளராக இருந்த காலத்தில் அவர் பயில்முறைப் படங்களை ஆக்கினார். 1949 இல் ஆக்கிய 'சொலிலொகி' பிரித்தானியப் பயில்முறைப் பட விழாவிற் பரிசு பெற்றது. விவரணப்பட நெறியாளரான ரால்ஃப் கீனின் அழைப்பின்பேரில் நாடு திரும்பி, 1948 இல் நிறுவப்பட்டிருந்த அரசாங்கத் திரைப்படப் பிரிவில் அவர் இணைந்தார். அங்கு பணிபுரிந்த ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் த சில்வா ஆகியோருடன் 1955 இல் விலகி, 1956 இல் 'ரேகாவ' படத்தை வெளியிட்டார். கலையகச் சுவர்களை விட்டு வெளியேறி, கிராமத்து வெயிலிலும் மரநிழலிலும் படமாக்கப்பட்ட 'ரேகாவ' 1957 இல் கான் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. உள்நாட்டில் அது வருவாய் ஈட்டவில்லையாயினும், அதன் பின்னர் சிங்களச் சினிமா பழைய வழியில் மட்டும் செல்ல இயலாதாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? குறைந்த கருவியுடன் வெளிக்களத்தில் இயற்கை ஒளியிற் படம்பிடிக்கும் பழக்கம் பயில்முறையாளருக்கு இயல்பானது. தொழில்முறைக்கு அது குறைபாடாகத் தோன்றியது; லெஸ்டரின் கையிலோ அதுவே அழகியலாயிற்று. அத்துடன், 1943 இல் தோன்றிய '43 குழு' ஓவியர்களோடு அவருக்கிருந்த தொடர்பும் நினைவுகூரத்தக்கது. அவருடைய சகோதரர் ஐவன் பீரிஸ் அக்குழுவினருள் ஒருவர். பிற கலைகளின் விவாதச் சூழலே அவருக்குக் கழகமாக அமைந்தது எனலாம்.

5. கல்கத்தாவும் கேரளமும்

1947 இல் சத்யஜித் ராய், சித்தானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படச் சங்கத்தை நிறுவினர். அது படம் எடுக்கும் சங்கமன்று. படம் பார்க்கும் சங்கமே. எனினும், அங்கு நிகழ்ந்த பார்வையும் விவாதமுமே ஒரு நெறியாளரை உருவாக்கின. விளம்பர நிறுவனமொன்றிற் பணியாற்றிக்கொண்டே, 1952 இல் ஓய்வு நாட்களிற் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்பை ராய் தொடங்கினார். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதற்குமுன் திரைப்படமெதற்கும் ஒளிப்பதிவு செய்தவரல்லர். பணமின்றி இடையிடையே நின்றுபோன அப்படம் மேற்கு வங்க அரசின் உதவியோடு 1955 இல் வெளிவந்தது. பார்த்தலும் விவாதித்தலும் ஆக்கத்துக்குப் புறம்பானவையல்ல என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டுவதில்லை.

கேரளத்தில் இவ்வுறவு திட்டமிட்டே ஏற்படுத்தப்பட்டது. 1965 இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தையும், அதனோடிணைந்து படத் தயாரிப்புக்கான கூட்டுறவு அமைப்பையும் தோற்றுவித்தனர். கூட்டுறவின் தயாரிப்பாக 1972 இல் 'சுயம்வரம்' வெளிவந்தது. நல்ல படத்தை ஆக்குவதோடு அதனைப் பார்க்கும் சமூகத்தையும் ஆக்குதல் வேண்டும் என்னும் தெளிவு இம்முயற்சியிற் காணப்பட்டது.

தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) படத்தை நெறிப்படுத்திய ஜோன் ஏப்ரஹாம் இதனை மேலும் ஒருபடி முன்னெடுத்தார். 1984 இல் அவரும் தோழர்களும் அமைத்த ஒடேசா கூட்டமைப்பு ஊர் ஊராகச் சென்று படங்களைத் திரையிட்டு மக்களிடமிருந்து சிறுதொகைகளைத் திரட்டிற்று. அப்பணத்தைக் கொண்டு உருவான 'அம்ம அறியான்' 1986 இல் நிறைவுற்றது. அடுத்த ஆண்டு ஜோன் மறைந்தார். ஒரு கலைஞனின் ஆளுமையில் அதிகம் தங்கியிருந்தமை அம்முயற்சியின் பலவீனம் என்று கூறலாம். ஆயினும், பார்வையாளனே தயாரிப்பாளனாகலாம் என்னும் சாத்தியப்பாட்டை அது நிறுவியது.

6. ஈழத்துத் தமிழ்ச் சூழல்: நாடகமும் சினிமாவும்

இனி நமது சூழலுக்கு வருவோம். 1891 இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபாவின் முன்மாதிரியில், கலையரசு க. சொர்ணலிங்கம் முதலியோர் இலங்கா சுபோத விலாச சபாவை அமைத்தனர். கற்றோர் நாடகத்தில் ஈடுபடுதல் இழிவெனக் கருதப்பட்ட காலத்தில் பயில்முறை அரங்கை அது கௌரவப்படுத்தியது. பின்னர் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகங்கள் பேச்சுத்தமிழுக்கு மேடையில் இடமளித்தன. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மேடையேற்றினார். அண்ணாவிமாரிடம் மாணவர் பயின்றமை அம்முயற்சியின் உயிர்நிலை. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். சிறுகதை, கவிதைத் துறைகளிலும் மறுமலர்ச்சி முதலாய சஞ்சிகைகளும் எழுத்தாளர் சங்கங்களும் இத்தகைய பயிற்சிக்களங்களாகவே தொழிற்பட்டன.

சினிமாவின் கதை வேறு. 1960களின் தொடக்கத்தில் ஹென்றி சந்திரவன்ச நெறியாண்ட 'சமுதாயம்' 16 மில்லிமீற்றரில் ஆக்கப்பட்டது. அது சிறு அளவுக் கருவியைப் பயன்படுத்திற்றாயினும், பயில்முறைச் சினிமாவின் சுதந்திரத்தை நாடாது முழுநீளக் கதைப்படத்தையே நாடிற்று. தொடர்ந்து வந்த படங்கள் பலவும் ஒரு முரண்பாட்டிற் சிக்கின. தென்னிந்தியத் தமிழ்ப்படங்கள் நிறைந்த சந்தையில் அவற்றோடு போட்டியிடவேண்டும். போட்டியிடுவதற்காக அவற்றையே பின்பற்றவேண்டும். பின்பற்றியமையாலேயே தரங்குறைந்த நகலெனப் புறக்கணிக்கப்படவேண்டும். இச்சுழலினின்றும் வெளியேற முயன்ற படங்கள் சிலவே. கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்து, டபிள்யூ. எஸ். மகேந்திரன் நெறியாண்ட 'குத்துவிளக்கு' (1972), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிப் பிரேம்நாத் மொறாயஸ் நெறியாண்ட 'வாடைக்காற்று' (1978) ஆகியன அத்தகையன.

இவ்வகையில் விரிவாக நோக்கத்தக்கது 'பொன்மணி' (1977). யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜா, காவலூர் இராசதுரையின் பிரதியைக் கொண்டு அதனை ஆக்கினார். மருத்துவரும் எழுத்தாளருமான நந்தி போன்றோர் அதில் நடித்தனர். நடிப்பைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்களின் முகங்களும் அசைவுகளும் படத்துக்கு ஒரு மெய்ம்மையை அளித்தன. சாதியும் சீதனமும் ஒரு குடும்பத்தின் பெண்களை எவ்வாறு நெருக்குகின்றன என்பதை உரத்த வசனங்களாலன்றி, வீட்டினதும் முற்றத்தினதும் மௌனத்தால் உணர்த்த அது முயன்றது. ஆயினும் அது வெளிவந்த காலத்தில் பொதுப் பார்வையாளரைக் கவரவில்லை. மெதுவான படம் என்ற குறை கூறப்பட்டது.

இத்தோல்வியைப் பார்வையாளரின் அறியாமை என ஒதுக்கிவிடுதல் திறனாய்வாகாது. மௌனத்தைப் பார்க்கப் பழகாத சமூகத்துக்கு மௌனம் வெறுமையாகவே தோன்றும். வங்கத்திலும் கேரளத்திலும் திரைப்படச் சங்கங்கள் ஆற்றிய பணியை இங்கு ஆற்றுவதற்கு வலுவான உள்ளூர் அமைப்புகள் இருக்கவில்லை. நல்ல படம் வந்தது. அதனை வரவேற்கும் களம் ஆயத்தமாயிருக்கவில்லை. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா கலையகம் தீக்கிரையாயிற்று. பின்னர் நீடித்த போர் எஞ்சிய முயற்சிகளையும் முடக்கியது. முற்பட்ட தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகளைத் தேடிக் காண்பதே இன்று அரிதாகிவிட்டது. தாம் எதனைத் தொடர்கிறோம் என்பதைப் பார்த்தறியும் வாய்ப்பின்றியே இன்றைய இளந் தலைமுறை கமராவைக் கையிலெடுக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

7. கழகத்தின் அமைப்பும் பயிற்சியும்

மேற்கூறியவற்றின் அடிப்படையில், ஊர்க் கழகம் ஒன்று எவ்வாறு தொடங்கப்படலாம் என்பதைச் சுருக்கமாக நோக்கலாம்.

முதலாவதாக, அது சிறிதாயிருத்தல் வேண்டும். 12 அல்லது 15 பேர் போதும். நெறியாளர் ஒருவர், ஏனையோர் உதவியாளர் என்ற நிலையான பிரிவு கூடாது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, நடிப்பு ஆகிய பணிகள் சுழற்சிமுறையில் யாவருக்கும் வருதல் வேண்டும். பெண்கள் தடையின்றி வரக்கூடிய இடமும் நேரமும் தெரிவுசெய்யப்படுதல் அவசியம். ஆண்கள் மட்டும் கூடும் கழகம் ஊரின் பாதியையே பார்க்கும்.

இரண்டாவதாக, படம் எடுக்கத் தொடங்குமுன் பார்க்கத் தொடங்குதல் வேண்டும். இரு வாரத்துக்கு ஒரு படம் என வைத்துக்கொள்ளினும் ஆண்டுக்கு 26 படங்களாகும். அவற்றுள் 'பதேர் பாஞ்சாலி', இத்தாலியின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948), லெஸ்டரின் 'கம்பெரலிய', 'பொன்மணி' ஆகியன இடம்பெறலாம். ஒரு காட்சியை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்து, எத்தனை வெட்டுகள், கமரா எங்கே நிற்கிறது, எதனைக் காட்டாது விடுகிறது என்று எண்ணிக் குறித்தல் மிகச்சிறந்த பயிற்சி.

மூன்றாவதாக, ஆக்கப் பயிற்சி படிமுறையாக அமைதல் வேண்டும். புரட்சிக்குப் பிற்பட்ட இரசியாவிற் படச்சுருள் கிடையாத காலத்தில், லெவ் குலெஷோவின் பயிலரங்கினர் சுருளில்லாமலே காட்சிகளை ஒத்திகை பார்த்துப் படமொழியைப் பயின்றனர். இன்று சுருளுக்குத் தட்டுப்பாடில்லை. ஆகவே தட்டுப்பாட்டை நாமே விதித்துக்கொள்ளல் வேண்டும். முதற் பயிற்சி மூன்று நிமிடத்துக்கு மேற்படலாகாது. உரையாடலும் இசையும் இருத்தலாகாது. 20 காட்சித்துண்டுகளுக்குள் அடங்குதல் வேண்டும். பொருள், தொடக்கமும் முடிவும் உடைய ஒரு தொழிலாக அமையலாம். வலை பொத்துதல், பனையோலைப் பெட்டி இழைத்தல், மலைத்தோட்டத்திற் பறித்த கொழுந்தை நிறுத்தல் என்பன அத்தகையன. கைகளை எப்பொழுது அண்மையிற் காட்டுவது, முகத்தை எப்பொழுது காட்டுவது என்பதைத் தீர்மானிக்கையில் படமொழியின் அரிச்சுவடி கைவரும். அடுத்த பயிற்சி ஒலியைப் பற்றியதாகலாம். தன் ஊர்ப் பேச்சைத் திரையில் தயக்கமின்றிக் கேட்பிக்கப் பழகாதவன் கதைப்படம் எடுக்கும்போது தென்னிந்தியத் திரை வசனத்தையே நாடுவான். கதைப்படம் இவற்றின் பின்னரே வருதல் நன்று. கடன்வாங்கிய திரைப்பாடற் துண்டுகளைக் கொண்டு உணர்ச்சியை நிரப்பும் வழக்கம் தொடக்கத்திலேயே கைவிடப்படல் வேண்டும்.

நான்காவதாக, விவாதத்துக்கு ஒழுங்கு தேவை. படம் முடிந்ததும் ஆக்கியோன் பேசலாகாது. பார்த்தோர் தாம் கண்டதை முதலிற் கூறல் வேண்டும். நல்லது, கெட்டது என்ற தீர்ப்பு பின்னர் வரலாம். அதன் பின்னரே ஆக்கியோன் தான் கருதியதைக் கூறலாம். கருதியதற்கும் காணப்பட்டதற்கும் இடையே உள்ள தூரமே அவன் கற்கவேண்டிய பாடம். இவ்விவாதங்கள் எழுத்திற் குறிக்கப்படின், காலப்போக்கில் அக்குறிப்பேடு ஊரின் திரைப்படத் திறனாய்வு ஏடாக மலரும்.

ஐந்தாவதாக, அறம் பற்றிய ஒரு குறிப்பு. போரினால் உற்றாரையும் உடைமைகளையும் இழந்தோர் வாழும் ஊர்களிற் கமராவோடு செல்வோருக்குத் தனிப்பொறுப்பு உண்டு. பிறர் துயரைப் பரிசுக்குரிய பண்டமாக்குதல் கலையன்று. படம்பிடிக்கப்படுவோரின் சம்மதத்தைப் பெறுதலும், முடிந்த படத்தை முதலில் அவர்களுக்கே காட்டுதலும் கழகத்தின் எழுதப்பட்ட விதியாக இருத்தல் வேண்டும்.

ஆறாவதாக, பாதுகாப்பு. முன்னைய படங்களை இழந்த சமூகம் நாம். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது இரு வெவ்வேறு இடங்களிற் சேமித்தல், ஆக்கியோர் பெயரும் ஆண்டும் இடமும் குறித்தல், 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' போன்ற எண்ணிம ஆவணக் களங்களுக்குப் பிரதியளித்தல் என்பன செலவு மிகாத பணிகளே.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். 1969 இல் கியூப நெறியாளர் ஹூலியோ கார்சியா எஸ்பினோசா, தொழில்நுட்ப முழுமையை இலக்காகக் கொள்ளும் சினிமாவை ஐயுற்று, 'முழுமையற்ற சினிமா' ஒன்றுக்காக வாதிட்டாரல்லவா? அங்ஙனமாயின் இத்தனை பயிற்சியும் கட்டுப்பாடும் எதற்கு எனச் சிலர் வினவலாம். எஸ்பினோசா மறுத்தது பளபளப்பையும், கலை சிலருக்கே உரியது என்னும் எண்ணத்தையும், உழைப்பையன்று. முழுமையின்மையைத் தெரிந்து மேற்கொள்வது வேறு. கவனமின்மைக்கு அதனைப் போர்வையாக்குவது வேறு. ஆடும் கமரா தன்னளவில் புரட்சிகரமானதும் அன்று, பிற்போக்கானதும் அன்று. அது எதனைத் தேடி ஆடுகிறது என்பதே கேள்வி.

8. முடிவுரை

மேற்போந்தவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பயில்முறைச் சினிமா தொழில்முறைச் சினிமாவுக்கு ஏறும் படிக்கட்டு மட்டுமன்று என்பது புலனாகும். கழகத்திலிருந்து ஒரு லெஸ்டரோ ஒரு ராயோ தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். ஆயின், நல்ல படத்தைக் கண்டவிடத்து அதனை இனங்காணத்தக்க 50 பேர் ஓர் ஊரில் உருவாகுவரேல், அடுத்த 'பொன்மணி' வெறுமையான மண்டபத்தில் ஓட நேராது. ஆக்குவோரை உருவாக்குதலினும் பார்ப்போரை உருவாக்குதலே கழகத்தின் முதன்மையான சமூகப் பணியெனக் கூறின் அது மிகையாகாது.

ஈழத்து அரங்கின் எழுச்சியிற் பல்கலைக்கழகங்கள் ஆற்றிய பங்கு வரலாற்றுண்மை. கூத்தைக் கற்பதற்காக அண்ணாவிமாரை நாடிச் சென்ற மரபு நமக்குண்டு. அதே பணிவுடனும் அதே உழைப்புடனும் சினிமாவை அணுகவேண்டிய கடமை இன்றைய பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு உரியது. ஒரு திரை, ஒரு புரொஜெக்டர், இரு வாரத்துக்கு ஒரு மாலை, ஒரு குறிப்பேடு ஆகியவற்றோடு அப்பணியைத் தொடங்கலாம்.